மறுபத்தியம்

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று என் ரத்தத்தில் உப்பு நூற்றாறு இருந்தது. நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. கட்டிலோடு கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அந்த நிலையில், வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்க, என் பெண்டாட்டி சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்று கத்தியிருக்கிறேன்.

அவள் வைக்கப் பார்த்தது உப்பு.

பத்தியம் இருக்கப் போகிறவர்கள் படித்தால் ஏதாவது உதவும். அதற்காக எழுதுகிறேன். அவளுக்காகவும்தான். வாயால் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் ஹாலோ பிளாக் கல் போடும் பட்டறையில் எனக்கு வேலை. பதினாறு வருஷம் ஆகிறது. சிமெண்டும் கிரஷர் தூளும் கலந்து மெஷினில் அள்ளிப் போட வேண்டும். கல்லை இறக்கி வெயிலில் அடுக்க வேண்டும். அடுக்கிய கல்லுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். சட்டையைப் பிழிந்தால் வேர்வை சொட்டும்.

மூன்று வருஷமாகக் கையில் அரிப்பு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, பிறகு கெண்டைக்கால். சொறிந்தால் தண்ணீர் வடியும். மருந்துக் கடையில் வாங்கிய ட்யூபைப் போட்டால் ஒரு வாரம் அடங்கும். மறுபடி வரும். கையைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுக்க ஆரம்பித்தார். அது எனக்கு உறைத்தது.

என் அக்கா சரோஜா ஐந்து வீடு தள்ளி இருக்கிறது. அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். எங்கள் வீட்டில் அக்கா சொன்னால் சொன்னதுதான். அரியலூரில் ஒரு ஆயுர்வேத வைத்தியர் ரத்தத்தைச் சுத்தம் பண்ண மருந்து கொடுக்கிறார் என்று அக்கா கேள்விப்பட்டு வந்தது. நானும் அக்காவும் பஸ் ஏறினோம். பஸ்ஸிலேயே அக்கா சொன்னது:

"பிரஷர் மாத்திரை திங்கிறேன்னு அவருகிட்ட சொல்லி வைக்காத. இங்கிலீசு மருந்துன்னா கோவிச்சுக்குவாரு. மருந்து குடுக்க மாட்டாரு."

வைத்தியர் படித்தவர். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு வருஷமாகத் தினம் காலையில் ஒரு பிரஷர் மாத்திரை போடுகிறவன் நான். கூசாமல் இல்லை என்றேன்.

ஏழு நாள் மருந்து. காலையும் சாயங்காலமும் கசாயம், படுக்கும்போது சூரணம், மூன்றாம் நாள் பேதி மருந்து. ஏழு நாளும் வேலைக்குப் போகக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது என்றார். சாப்பாட்டுக்கு ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்தார். நான் ஐந்தாவதோடு நின்றவன். என் பெண்டாட்டி மலர்க்கொடி எட்டாவது வரை படித்தவள். வீட்டுக்கு வந்ததும் அவள்தான் படித்துச் சொன்னாள்.

காலையில் பாசிப்பயறுக் கஞ்சி. மதியம் குழைய வடித்த சோறு, அதற்குப் பீர்க்கங்காய் அல்லது புடலங்காய், சீரகமும் மிளகும் போட்டு வேகவைத்தது. சாயங்காலம் மாதுளம்பழம். ராத்திரி நொய்க் கஞ்சி. சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கத்தரிக்காய், கருவாடு, கோழி மாதிரி கரப்பான் பண்டம், அதாவது அரிப்பைக் கிளப்புகிற சாப்பாடு, கூடவே கூடாது. புளி, மிளகாய், உப்பு ஏழு நாளைக்குக் கிடையாது.

முதல் நாள் அந்தச் சோறு இறங்கவில்லை. மலர்க்கொடி எதிரில் உட்கார்ந்து அதையே பிசைந்து சாப்பிட்டாள்.

"உனக்கு எதுக்கு இது? நீ குழம்பு வச்சுக்கோ" என்றேன்.

"நீங்க சப்புன்னு திங்கும்போது நான் மட்டும் நாக்கைச் சப்புக்கொட்டுறதா? போங்க."

ஏழு நாளும் அவளும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டாள். இதை எழுதி வைக்க வேண்டும்.

பேதிக்குக் கொடுத்த அன்று பதினோரு தரம் போனேன். மறுநாள் உடம்பு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. ஐந்தாம் நாளே பட்டறைக்குப் போய்விட்டேன். லோடு கேட்டு வண்டி நிற்கும்போது எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? ஏழாம் நாள் அரிப்பு பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. மருந்து முடிந்தது.

எட்டாம் நாள் காலை மலர்க்கொடி பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தாள். "இன்னையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா உப்பு சேர்த்துக்கலாம்னு போட்டிருக்குங்க" என்றாள்.

அக்கா அங்கேதான் இருந்தது. "அப்ப மறுபத்தியம்?" என்றது.

மறுபத்தியம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மருந்து எத்தனை நாள் சாப்பிட்டோமோ அத்தனை நாள், மருந்து முடிந்த பிறகும் பத்தியத்தை விடாமல் இருப்பது. நாட்டு மருந்துக்கு அதுதான் முறை. இருக்காவிட்டால் மருந்து திருப்பி அடிக்கும் என்பார்கள். எங்கள் அப்பாவுக்குக் காமாலைக்கு மருந்து கொடுத்தபோது மறுபத்தியத்தில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டார். பத்து நாளில் போய்விட்டார். மீன் குழம்பினால்தான் போனார் என்று அக்கா இன்றைக்கும் சொல்லும்.

"பேப்பர்ல அப்படி இல்லீங்க அண்ணி" என்றாள் மலர்க்கொடி.

"பேப்பர்ல எல்லாத்தையுமா எழுதுவாங்க? நமக்குத் தெரியும்னு வுட்டுருப்பாரு. எட்டாவது படிச்சுப்புட்டா நீ வைத்தியரா?"

நான் மறுபத்தியம் இருக்கிறேன் என்றேன். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். அது நல்ல குணம் என்றே ஐம்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, காலைக் கஞ்சியை வாயில் வைத்ததும் தெரிந்தது. பத்து நாள் உப்பு படாத நாக்கு. ஒரு சிட்டிகை போட்டிருந்தாலும் சொல்லிவிடும். நான் எழுந்து போய் வாசலில் கொட்டினேன். கோழி ஓடி வந்து கொத்தியது.

"நான் சாவணும்னு பாக்குறியா?" என்றேன்.

"துளியூண்டுதாங்க போட்டேன். நேத்து ராவெல்லாம் கால் பிடிச்சு இழுத்துச்சே, நான்தானே அமுக்கி வுட்டேன். முகமே சரியில்லீங்க உங்களுக்கு."

"இனிமே போட்டா சட்டியை உடைப்பேன்."

அதற்குப் பிறகு அவள் போடவில்லை.

பதினான்கு நாள் ஆனது. அரிப்பு நன்றாக அடங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் சேர்த்து இருந்தால் வேரோடு போய்விடும் என்று நானே முடிவு செய்தேன். அக்காகூட அதைச் சொல்லவில்லை. அது என் புத்தி.

அந்த வாரம் வயிற்றைப் புரட்டியது. தலை கனத்தது. அடுக்கிய கல்லை எண்ணும்போது நடுவில் எண் மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். மருந்துக்கு உடம்பிலிருக்கிற கழிவு வெளியேறுகிறது என்றது அக்கா. மலர்க்கொடி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். இருபதாம் நாள் பகல் பதினொரு மணிக்கு மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

விழுந்து கை கால் வெட்டி இழுத்ததாம். கூட வேலை செய்தவர்கள் 108 வண்டியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மலர்க்கொடிக்கும் சொல்லி அனுப்ப, வண்டி வருவதற்குள் அவள் பட்டறைக்கு ஓடி வந்துவிட்டாளாம்.

இதற்கு மேல் நான்கு நாள் நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டே விஷயம். தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி. கையில் கட்டியிருந்த பேண்டேஜ் துணி. ஊசிக் குழாயைப் பிடுங்கிப் போட்டேனாம், அதனால் கட்டியிருந்தார்கள். அந்தத் துணியை நான் பாம்பு என்று நினைத்தேன்.

நான்காம் நாள் காலை தெளிந்தது. முதலில் பார்த்தது பக்கத்துக் கட்டில்காரரை. குரும்பலூர்க்காரர், பெயர் ராஜேந்திரன், சர்க்கரை ஏறி வந்து படுத்திருந்தவர்.

"வாங்கண்ணே, வந்துட்டீங்களா ஊருக்கு?" என்றார். "எனக்குச் சர்க்கரை ஏறிப்போச்சு, உங்களுக்கு உப்பு எறங்கிப்போச்சு. நம்ம ரெண்டு பேரையும் ஒரு சொம்புல கரைச்சு ஊத்தினா வயித்துப்போக்குக்காரனுக்கு மருந்தாயிரும்."

நான் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை. மலர்க்கொடி எங்கே என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெளியில படிக்கட்டுலதான் இருக்காங்க. வுட மாட்டேங்கிறாங்கண்ணே உங்க அக்கா."

"ஏன்?"

"அதை நான் சொன்னா நல்லா இருக்காது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு போலீஸ்காரர் வந்தார். ஏட்டு. ஆஸ்பத்திரியிலேயே போலீசுக்கு ஒரு சின்ன ரூம் உண்டு, அங்கே இருப்பவர். கையில் நோட்டு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தெளிஞ்சுட்டீங்களா? பேரு, ஊரு சொல்லுங்க பார்ப்போம்."

சொன்னேன்.

"உங்க சம்சாரம் மேல புகார் குடுக்குறீங்களா?"

"எதுக்குங்க?"

"சோத்துல மருந்து வச்சுட்டாங்கன்னு வந்த அன்னைக்கே சொன்னீங்களே. மூணு நாளா அதையேதான் சொல்லிட்டிருந்தீங்க. வலிப்போட வந்த ஆளு அப்படிச் சொன்னா நாங்க கேஸ் எழுதித்தானே ஆவணும்?"

அவர் நோட்டைப் புரட்டினார்.

"வூட்டுல களைக்கொல்லி இருக்கா, பூச்சி மருந்து இருக்கான்னு அந்தம்மாவ உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் கேட்டேன். அழுவவும் இல்ல, கத்தவும் இல்ல. ஒரே பதில்தான். ஒரு நாள் கஞ்சியில உப்பு போட்டேன், கொட்டிட்டாரு, அதுக்கப்புறம் அதுவும் போடலைன்னாங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒரு வாக்குமூலம் நான் எழுதினதில்ல."

"புகார் இல்லீங்க" என்றேன்.

"அப்ப இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டேன். நான் போட்ட கையெழுத்திலேயே அதுதான் மோசமானது.

பிறகு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. கோபப்படாமல் சொன்னார். எனக்குப் புரிந்த மாதிரி இங்கே எழுதுகிறேன்.

ரத்தத்தில் உப்பு ஒரு அளவில் இருந்தால்தான் தண்ணீர் அதன் இடத்தில் நிற்கும். உப்பு குறைந்தால் தண்ணீர் மூளைக்குள் போய்விடும். மூளை வீங்கும். அப்போது ஆள் உளறுவான், அடிப்பான், இல்லாததைப் பார்ப்பான், வலிப்பு வரும். அப்படியே போயும் விடுவான். எனக்கு நான்கு பக்கமும் உப்பு போயிருக்கிறது. சாப்பாட்டில் இல்லை. பேதியில் கொஞ்சம் போனது. வெயிலில் வேர்வையாகப் போனது. தினம் போட்ட பிரஷர் மாத்திரை, சிறுநீரில் உப்பைத் தள்ளுகிற சாதி மாத்திரையாம். போதாததற்கு நாள் முழுக்கச் சீரகத் தண்ணீர் குடித்து, இருந்ததையும் நீர்க்க விட்டிருக்கிறேன்.

"பத்தியம் தப்புன்னு நான் சொல்லலை" என்றார் டாக்டரம்மா. "உங்க மாத்திரைக்கும் உங்க வேலைக்கும் அந்தப் பத்தியம் ஆகாது. கேட்டிருந்தா யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க."

உப்பை ஒரேயடியாகவும் ஏற்ற முடியாதாம். அக்கா முதல் நாளே, "ரெண்டு கரண்டி கரைச்சு ஊத்திட்டா ஆச்சு, இதுக்கு எத்தனை நாளு?" என்று சண்டை போட்டிருக்கிறது. வேகமாக ஏற்றினால் மூளை நரம்பு கெட்டுக் கை கால் வராமல் போய்விடும் என்று சொல்லி, நாளுக்கு எட்டு வீதம் நூல் பிடித்த மாதிரி ஏற்றியிருக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு கையிலும் ஊசி போட்ட இடம் கறுத்துக் கிடந்தது.

"ஒண்ணு தெரிஞ்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா போகும்போது. "வந்த அன்னைக்கு என்ன சாப்பிட்டார்னு எல்லார்கிட்டயும் கேட்டேன். பத்தியம்னுதான் சொன்னாங்க. உங்க வீட்டம்மாதான் அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து, இருபது நாளா உப்பு இல்லை மேடம், இந்த மாத்திரை சாப்பிடுவார்னு அட்டையையும் காட்டினாங்க. உப்பு ரிப்போர்ட் சாயங்காலம்தான் வந்தது. அவங்க சொன்னதாலதான் அதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு பிடி கிடைச்சது."

சாயங்காலம் அக்கா இட்லி கொண்டுவந்தது. நான் தெளிந்ததைப் பார்த்து அழுதது.

"மலரை உள்ளே வரச் சொல்லு" என்றேன்.

"வரட்டும். நான் என்ன புடிச்சா வச்சிருக்கேன்? நீதானேப்பா அவளைக் கண்டாலே கத்துன. நர்சுகிட்ட நான்தான் சொன்னேன், அவ கையால தண்ணிகூட வேணாம்னு. வேற என்ன பண்ணுவா அக்காக்காரி?"

"உப்புதான் கொறைஞ்சிருக்குன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்கல்ல?"

"உப்பு கொறைஞ்சதுக்கும் அவதானே சமைச்சா" என்றது அக்கா.

நான் இட்லியைத் தொடவில்லை. அக்காவை இத்தனை வருஷத்தில் முதல் தடவை வெளியே போ என்றேன்.

மலர்க்கொடி வந்தாள். கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றாள். வந்த அன்று கட்டியிருந்த அதே சேலையாக இருக்க வேண்டும். ஓரத்தில் சிமெண்ட் கறை இருந்தது. விழுந்து கிடந்த என்னைத் தூக்கும்போது பட்டது.

"தண்ணி குடு" என்றேன்.

பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். என் வாயில் ஊற்றவில்லை. டம்ளரில் ஊற்றி மேசையில் வைத்தாள். நர்ஸ் பக்கம் திரும்பி, "பார்த்துக்குங்க சிஸ்டர், பைப்புத் தண்ணிதான் புடிச்சேன்" என்றாள்.

நர்ஸ் சங்கடமாக, "ஐயோ என்னம்மா நீங்க" என்றார். மலர்க்கொடி சிரிக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அரிப்புக்குத் தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் என் கையை ஒரு நிமிஷம் பார்த்தார். சிமெண்ட் சேரவில்லை, கையுறை போடுங்கள் என்றார். ரத்தத்தில் அழுக்கு எதுவும் இல்லையாம். கையுறை. மூன்று வருஷத்தில் பட்டறையில் யாரும் சொன்னதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த வைத்தியரோடு சண்டை பிடிக்கத்தான் அரியலூர் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மூன்று கேள்வி கேட்டார். மாத்திரை சாப்பிடுவதை ஏன் மறைத்தீர்கள்? ஏன் வேலைக்குப் போனீர்கள்? எட்டாம் நாளிலிருந்து உப்பு என்று எழுதியிருந்தேனே? நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தால் நோய் பாதி ஆறும். எனக்கு அதுவும் இல்லாமல் போனது.

பத்தியம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சாப்பிடுகிற மாத்திரையை மறைக்காதீர்கள். வெயிலில் வேலை செய்கிறவன் உப்பை விடுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்ததற்கு மேல் நீங்களாக ஒரு நாள்கூடக் கூட்டாதீர்கள். தலை கனத்து எண்ணிக்கை மறந்தால் கழிவு வெளியேறுகிறது என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கூட இருப்பவர் சொன்னால் கேளுங்கள்.

மலர்க்கொடியிடம் ஒரு நாள் சொன்னேன். "நான் சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல. மூளை வீங்கினதுல பேசினது. டாக்டரம்மாகூடச் சொன்னாங்க."

அவள் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு ஞாபகம் இருக்குதுல்ல" என்றாள். பிறகு, "வாசல்ல கஞ்சியைக் கொட்டும்போது மூளை வீங்கலையே" என்றாள்.

அவள் எந்தக் குறையும் வைப்பதில்லை. துணி துவைக்கிறாள். கைக்குக் களிம்பு தடவிவிடுகிறாள். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துத் தருகிறாள். சமைக்கும்போது மட்டும், குழம்பு கொதித்ததும் உப்பு போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிடுகிறாள். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, பக்கத்தில் தரையில் உப்பு டப்பாவை வைக்கிறாள்.

"நீங்களே போட்டுக்குங்க. என் கையால வேணாம்."

மாதம் ஒரு தரம் ரத்தம் கொடுக்கிறேன். உப்பு குறையவும் கூடாது, பிரஷர் இருப்பதால் கூடவும் கூடாது என்கிறார்கள். நான் கிள்ளிப் போட்டுப் பிசைகிறேன். ஒரு நாள் கரிக்கிறது. ஒரு நாள் சப்பென்று இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் பார்க்காமலே போட்ட கை அவளுடையது. எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை.